கடற்பசுவைக் காணச் சென்றோம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் திருப்பூர்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் பிறக்கிறது. வருஷமெல்லாம் பனியன் கம்பெனியிலும் சாயப் பட்டறையிலும் கணக்குப் புத்தகத்திலும் தலையைப் புதைத்துக் கொண்டிருந்த பெரியவர்கள், கிடைத்த நாலு நாள் ஓய்வில் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று யோசிக்கிறார்கள். ஊட்டி பார்த்தாகிவிட்டது, பழனியும் பார்த்தாகிவிட்டது. "மிருகக் காட்சி சாலைக்குப் போகலாம்" என்கிறது ஒரு குழந்தை. "யானையும் புலியும்தான் பார்த்தாயிற்றே! நான் திமிங்கிலம் பார்க்க வேண்டும்" என்று இன்னொன்று பிடிவாதம் பிடிக்கிறது. பெரியவர்கள் சிரித்து மழுப்பி விடுகிறார்கள்.

ஆனால் இது மழுப்பத் தக்க கேள்வியன்று. நில வாழ் மிருகங்களில் மிகப் பெரிதான யானையைப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். நீர் வாழ் மிருகங்களில் பெரியவற்றை அப்படிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை? இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நாம் புறப்பட்டோம். போன இடங்களில் அறிந்ததை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நமது ஜில்லாவின் நிலைமையைச் சொல்லிவிடலாம். திருப்பூருக்கு மிகவும் சமீபத்தில், கோயமுத்தூர் வ.உ.சி. பூங்காவில் ஒரு சிறு மிருகக் காட்சி சாலை இருந்தது. போதிய இட வசதி இல்லாத காரணத்தால் 2022-ஆம் ஆண்டில் அது அங்கீகாரத்தை இழந்தது. இப்போது மிருகங்களைப் பார்க்கச் சேலத்தை அடுத்த குரும்பப்பட்டிக்கோ, சென்னையை அடுத்த வண்டலூருக்கோ செல்லவேண்டும். வண்டலூர்ச் சாலை 1855-இல் சென்னைப் பட்டணத்துக்குள் தோன்றி, 1985-இல் இப்போதைய விசாலமான காட்டுக்குக் குடிபெயர்ந்த பழைய ஸ்தாபனம். அங்கே சிங்கம் உண்டு, புலி உண்டு, நீர்யானையும் உண்டு. ஆனால் திமிங்கிலமோ, ஓங்கில் என்று மீனவர்கள் சொல்லும் டால்பினோ, கடற்பசுவோ வண்டலூரில் மட்டுமல்ல, இந்திய தேசத்தின் எந்த மிருகக் காட்சி சாலையிலும் கிடையாது.

எலும்பைக் கண்டோம்

உயிருள்ள திமிங்கிலம் கிடைக்காவிட்டால் எலும்பையாவது பார்க்கலாமே என்று எழும்பூர் மியூசியத்தை நினைத்தோம். 1874-இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூடு அங்கே சேர்ந்தது. சென்னைக் குழந்தைகளின் பல தலைமுறைகள் அதன் அருகில் நின்று வாயைப் பிளந்திருக்கின்றன. ஒரு மிருகத்தின் தாடை எலும்பு நம் வீட்டு உத்தரத்தைப் போல் நீண்டிருப்பதைக் கண்டால், 'பெரிது' என்ற வார்த்தையை இத்தனை நாளும் வீணாக உபயோகித்து வந்தோமே என்று தோன்றும்.

திமிங்கிலம் என்ற சொல்லே ஒரு வேடிக்கை. 'திமி' என்பது வடமொழியில் ஒரு பெரிய மீன். அந்தத் திமியையும் விழுங்கக் கூடியது திமிங்கிலம். உண்மையில் திமிங்கிலம் மீனே அன்று. நம்மைப் போல் மூச்சு விடுவது. கன்று ஈன்று பால் கொடுப்பது. நீலத் திமிங்கிலம் 100 அடி வரை வளரும். 150 டன் எடையைத் தாண்டும். முப்பது யானைகளைச் சேர்த்து நிறுத்தினால் ஒருவேளை அந்த எடைக்கு வரலாம். இத்தகைய பிராணிக்குத் தொட்டி கட்ட வேண்டுமானால் நமது நகரத்தின் பேட்டைகளையெல்லாம் இடித்தாலும் இடம் போதாது. உலகில் எந்த நாட்டாரும் நீலத் திமிங்கிலத்தைத் தொட்டியில் வைத்ததில்லை.

சரி, திமிங்கிலத்தை விடுவோம். அதைவிடச் சிறியவை உண்டே? அவற்றில் ஒன்றைத் தமிழ் நாட்டிலேயே தொட்டியில் வளர்த்தார்கள் என்று கேள்விப்பட்டு மண்டபத்துக்கு ரயிலேறினோம்.

மண்டபத்துத் தொட்டி

இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்கள் பாம்பன் பாலத்தைப் பார்க்கும் ஆவலில் மண்டபத்தைக் கவனிப்பதில்லை. அது இரு கடல்களுக்கு இடையே நீண்ட ஒரு மணல் நாக்கு. வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கில் அலையடங்கிக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கில் இரைவதை ஆண் கடல் என்றும் அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்வதுண்டு. சுதந்திரம் வந்த அதே 1947-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் தலைமைக் காரியாலயம் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரையில் இந்த மண்டபம் முகாமில்தான் இருந்தது.

1959-ஆம் ஆண்டில் இங்கே ஓர் ஆண் கடற்பசுவையும் ஒரு பெண் கடற்பசுவையும் தொட்டியில் விட்டு வளர்த்தார்கள். அப்போது நிலையத்தின் தலைவராயிருந்த டாக்டர் எஸ். ஜோன்ஸ் அவற்றைப் பற்றி அந்த ஆண்டிலேயே எழுதினார். ஏறத்தாழப் பத்து ஆண்டு காலம் அந்த ஜோடி மண்டபத்தில் வாழ்ந்தது. கடல் மிருகம் ஒன்றை அருகில் நின்று பார்க்கும் பாக்கியம் தமிழருக்கு வாய்த்தது அங்கேதான்.

கடற்பசு என்பது யாது? இராமநாதபுரத்து மீனவர்கள் 'ஆவுளியா' என்று அழைக்கும் இந்தப் பிராணி பத்தடி நீளம் வளரும். 400 கிலோ எடை இருக்கும். உருவத்தில் கடற்சிங்கத்தை ஒத்திருந்தாலும் உறவு முறையில் யானைக்கு நெருங்கியது. மீனைத் தொடாது. ஆழமில்லாத கடலின் அடியில் பச்சைப் பயிர் போல் வளரும் கடற்புல்தான் அதற்கு ஆகாரம். மேயும் போது வேரோடு பறித்துத் தின்று, மணலில் உழவுசால் போன்ற தடத்தை விட்டுச் செல்லும். சில நிமிஷங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விடும். ஒரு தடவைக்கு ஒரே கன்று. கர்ப்ப காலம் பதின்மூன்று மாதத்துக்கு மேல். அடுத்த கன்று பிறக்க மூன்று முதல் ஏழு வருஷம் ஆகும். எழுபது வயது வரை வாழக் கூடியது. மேல்நாட்டு மாலுமிகள் கடற்கன்னி என்று கதை கட்டியது இந்தக் குலத்தைப் பார்த்துத்தான் என்பார்கள். பல மாதம் கரையையே காணாத மாலுமிகளின் கண்ணுக்கு எதுவும் கன்னியாகத் தோன்றும் போலிருக்கிறது!

பெரிய கடற்பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ புல் வேண்டும். இந்தப் புல் எந்தச் சந்தையிலும் விற்பதன்று. கடலில் மூழ்கிப் பறித்து வரவேண்டும். உப்பு நீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கடலோரத்திலேயே அமைந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குத்தான் இது சாத்தியம். ஆகவேதான் உலகத்தில் கடற்பசுவை வளர்த்த இடங்கள் விரல் விட்டு எண்ணத் தக்கவை. ஜப்பானில் டோபா நகரத்துக் காட்சி சாலைக்கு 1987-இல் பிலிப்பைன்ஸ் கடலிலிருந்து வந்து சேர்ந்த 'செரீனா' என்னும் கடற்பசு அவற்றில் பிரசித்தி பெற்றது.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை நெருங்கி, "பெரியவரே, ஆவுளியாவைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டோம்.

"பாக்காம என்ன ஐயா! சின்ன வயசுல எத்தனையோ பாத்தாச்சு. இப்பத்தான் காணக் கிடைக்கல" என்றார். சற்றுப் பொறுத்து, "வலையில விழுந்தா கண்ணுல தண்ணி வடியும். அழுவுதுன்னு எங்க அப்பா சொல்லுவாக" என்றார்.

அது அழுகையா, கண்ணிலிருந்து இயல்பாக ஊறும் நீரா என்ற விவாதம் நமக்கு வேண்டாம். 'காணக் கிடைக்கவில்லை' என்ற வார்த்தைதான் நம் மனத்தில் தைத்தது.

ஓங்கிலும் சட்டமும்

மண்டபத்து ஜோடி ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்டது. வேடிக்கைக்காகக் கடல் மிருகங்களை அடைத்து வைத்த கதை வேறு விதம். 1990-களின் பிற்பகுதியில் சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் பல்கேரியா தேசத்திலிருந்து ஓங்கில்களைத் தருவித்து, பந்து விளையாடச் செய்து காட்டினார்கள். சில மாதங்களுக்குள் அவை மாண்டு போயின.

ஏன் மாண்டன என்பதற்கு ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. ஓங்கில் கண்ணைக் காட்டிலும் காதை நம்பி வாழும் பிராணி. தானே ஓசை எழுப்பி, அது எதிலோ பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, வழியையும் இரையையும் அறிகிறது. அதைச் சிமெண்டுச் சுவருக்குள் அடைத்தால் தன் குரலே நாலு பக்கமும் மோதித் திரும்பும். அத்துடன் தண்ணீர் இறைக்கும் யந்திரத்தின் ஓசையும் ஓயாது. பின்னல் யந்திரங்கள் இரவு பகலாக ஓடும் கொட்டகையில் ஒரு மனிதனை ஆயுள் முழுதும் குடியிருக்கச் சொன்னால் அவன் கதி என்னவாகும்? திருப்பூர்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. ஓங்கில்களை வைத்துக் காட்சி நடத்தும் எந்த ஸ்தாபனத்துக்கும் மாகாண அரசுகள் அனுமதி தரலாகாது என்று அறிவித்தது. இந்த இனத்தின் அறிவுக் கூர்மையைக் கருதி, இவற்றை மனிதரல்லாத ஆட்களாகவே மதிக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்வதையும் அந்த அறிவிப்பு எடுத்துக்காட்டியது. கடற்பசுவுக்கோ 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே முதல் அட்டவணையில் இடம் கொடுத்திருக்கிறது. புலிக்கு எந்த இடமோ அதே இடம்.

"பார்க்காத பிராணியிடம் குழந்தைக்கு அன்பு எப்படி வரும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் திருச்செந்தூர்க் கரையில் இருக்கிறது.

தாமாக வந்தவை

2016-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, ஆலந்தலை, மணப்பாடு முதலிய கிராமங்களின் கரையில் திமிங்கிலங்கள் கூட்டம் கூட்டமாக ஒதுங்கின. எண்பதுக்கும் மேற்பட்டவை. 'பைலட்' திமிங்கிலம் என்னும் இந்த இனம் ஒருவரை விட்டு ஒருவர் பிரியாத கூட்டுக் குடும்பமாக வாழ்வது. முன்னே செல்வது வழி தவறினால் பின்னே வருபவையும் கரையேறிவிடும். மீனவர்கள் கயிறு கட்டிப் படகில் இழுத்துச் சென்று ஆழ்கடலில் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் தம் கூட்டத்தைத் தேடிக் கரைக்கே வந்தன. நாற்பதுக்கு மேற்பட்டவை இறந்தன. இதே கரையில் 1973-ஆம் ஆண்டு ஜனவரியிலும் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின.

இரவெல்லாம் இடுப்பளவு நீரில் நின்று அவற்றைத் தள்ளிவிட்ட மனிதர்கள் எந்தக் காட்சி சாலையிலும் சீட்டு வாங்கித் திமிங்கிலத்தைப் பார்த்தவர்கள் அல்லர். மூச்சுக்குத் தவிக்கும் ஓர் உயிரைக் கண்டார்கள், இறங்கினார்கள். அன்புக்கு அவ்வளவே போதுமாயிருந்தது.

பஞ்சு நூலும் நைலான் நூலும்

இனி, ஆவுளியா ஏன் காணக் கிடைக்கவில்லை என்பதைப் பார்ப்போம். முன் காலத்தில் கீழக்கரைப் பக்கத்தில் அதை இறைச்சிக்காகப் பிடித்தார்கள். சட்டம் வந்த பின்பும் அது உடனே நின்றுவிடவில்லை. படிப்படியாக வேட்டை குறைந்தது. வலை மட்டும் நிற்கவில்லை.

இங்கேதான் நூல் தெரிந்த திருப்பூர்க்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் வலைகள் பருத்தி நூலாலும் சணலாலும் ஆனவை. உப்பு நீரில் அழுகாமல் இருப்பதற்காக மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துச் சாயம் ஏற்றுவார்கள். அப்படியும் ஓரிரண்டு வருஷத்தில் வலை நைந்து போகும். கடலில் தொலைந்த பருத்தி வலை சில மாதத்தில் மக்கி மண்ணோடு மண்ணாகும். 1950-களுக்குப் பிறகு நைலான் நூல் வந்தது. மீனவரின் சிரமம் குறைந்தது; வலை மலிந்தது; அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தொலைந்த நைலான் வலை மக்குவதில்லை. இழுக்க ஆளில்லாமலே வருஷக்கணக்காக மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மூச்சு விட மேலே வரும் கடற்பசு அதில் சிக்கினால் சில நிமிஷங்களில் மூழ்கிச் சாகிறது. அடிமடியைச் சுரண்டிச் செல்லும் இழுவை வலைகளோ அது மேயும் புல்வெளியையே அழிக்கின்றன. இன்று இந்தியக் கடல்களில் எஞ்சியிருக்கும் கடற்பசுக்கள் சில நூறு மாத்திரமே.

சில நூறு என்பது எவ்வளவு அற்பமான எண் என்பதற்குச் சரித்திரம் ஒன்றுண்டு. பசிபிக் சமுத்திரத்தின் வடகோடியில் இதே குலத்தைச் சேர்ந்த மாபெரும் கடற்பசு ஒன்று இருந்தது. ஸ்டெல்லர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1741-இல் அதைக் கண்டு எழுதினார். வேட்டைக்காரர்கள் பின்தொடர்ந்தார்கள். 1768-க்குப் பிறகு அது உலகத்தில் இல்லை. அறிமுகமாகி இருபத்தேழே வருஷத்தில் ஒரு வம்சம் பூண்டோடு ஒழிந்தது!

நொய்யல் போகும் வழி

கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறோம், நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் காவிரியில் சேர்கிறது. காவிரியின் கிளைகளில் சில முத்துப்பேட்டைப் பக்கத்தில் பாக்கு நீரிணையைச் சென்றடைகின்றன. ஆவுளியா மேயும் கடல் அது.

1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக் கழிவின் தேக்கமாய் மாறிய துயரக் கதையை நம்மவர் அறிவார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு எல்லாச் சாயப் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. அதன் பிறகு கழிவு நீரில் ஒரு துளியும் ஆற்றில் விடாமல் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் திரும்ப உபயோகிக்கும் முறையைத் திருப்பூர் கைக்கொண்டது. செலவு மிகுந்த காரியம். ஆனால் நமது ஊர் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளக் கூடிய காரியம்.

நொய்யலின் சாயம்தான் கடற்பசுவை ஒழித்தது என்று நாம் சொல்ல வரவில்லை. கடற்புல்லும் பயிர்தான், வெயில் பட்டால்தான் வளரும், கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது. எனவே மேட்டில் இருப்பவர்கள் ஆற்றுக்குச் செய்வது பள்ளத்தில் உள்ள கடலுக்குப் போய்ச் சேரும் என்கிறோம். இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. பாலியெஸ்டர்த் துணியை ஒவ்வொரு தடவை துவைக்கும் போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து நீரோடு செல்கின்றன. பருத்தி இழை காலத்தில் மக்கும்; செயற்கை இழை நைலான் வலையின் தம்பி. பருத்தியால் பேர் பெற்ற நமது நகரம் செயற்கை இழையின் பக்கம் திரும்பி வரும் இந்நாளில், இதை மறந்துவிடலாகாது.

குழந்தைகளுக்கு என்ன சொல்வது?

தமிழ்நாட்டு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களை ஒட்டிய பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுவுக்கென்று ஒதுக்கியது. இந்தியாவில் இதுவே முதலாவது. வலையில் சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறையார் வெகுமதி கொடுத்துக் கௌரவிக்கிறார்கள். ஒரு மீனவனுக்கு வலை என்பது முதல். நம்மில் எத்தனை பேர் பிறிதோர் உயிருக்காக நம் முதலை அறுப்போம் என்று யோசித்தால், அந்த வெகுமதி எவ்வளவு தகுதியானது என்பது விளங்கும்.

அந்தக் கரையில் மல்லிப்பட்டினத்துக்கு அருகே மனோரா என்ற அறுகோணக் கோட்டை நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பியது. எங்கோ நடந்த யாருடைய வெற்றிக்கோ நம் கரையில் ஒரு கோபுரம்! அதே மனோராவில் கடற்பசுப் பாதுகாப்புக்காக ஓர் அனைத்துலக மையம் அமைக்கத் தமிழ்நாட்டு அரசு திட்டமிட்டது. இது நம்முடைய சொந்த வெற்றியைக் கொண்டாடும் இடமாக அமையவேண்டும் என்பது நம் ஆசை.

ஆகவே, அடுத்த விடுமுறையில் குழந்தை பிடிவாதம் பிடித்தால் மழுப்ப வேண்டாம். எழும்பூருக்கு அழைத்துச் சென்று திமிங்கிலம் எவ்வளவு பெரிது என்று எலும்பில் காட்டுங்கள். பிறகு மண்டபத்துக்கோ மனோராவுக்கோ அழைத்துச் சென்று, அலையடங்கிய பெண் கடலின் முன் உட்கார வையுங்கள். கடற்பசு தலை காட்டினாலும் காட்டும், காட்டாமலும் போகும். "அது எங்கே?" என்று குழந்தை கேட்டால், "இந்தத் தண்ணீருக்கு அடியில் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. நாம் கெடுக்காத வரையில் மேய்ந்துகொண்டே இருக்கும்" என்று சொல்லுங்கள். அந்தப் பதில் அதன் பேரக் குழந்தைக்கும் உண்மையாயிருக்கும்படி பார்த்துக்கொள்வது நூல் நூற்பவர், சாயம் போடுபவர், துணி வாங்கித் துவைப்பவர் ஆகிய நம் எல்லோருடைய பொறுப்பு.